பொம்பிளை பார்க்க வந்து பிரேதம் பார்த்த வியாழன்

"பிள்ளை, இந்த வரிசையிலை தொங்கிறது எல்லாம் ஆர்?" என்று லீலாக்கா கேட்டார்.

நிலத்துக்குக் கீழே நீண்ட நடை. வெளியே கல் வெடிக்கிற வெயில். உள்ளே கையில் மயிர் கூச்செறியும் குளிர். பழைய உடுப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மணம். இரண்டு பக்கச் சுவரிலும் ஆட்கள் நின்றார்கள். செத்த ஆட்கள். கோட், கையுறை, தொப்பி எல்லாம் போட்டு, கம்பியால் கட்டி நிறுத்திய ஆட்கள். சிலருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

எனக்கு இத்தாலியன் நன்றாக ஓடும். அந்தப் பெருமை இருக்கிறதே, அதுதான் ஆளைக் கெடுக்கிறது. சுவரில் இருந்த பலகையை எட்டி வாசித்தேன். மூளை யோசிக்க முதல் வாய் சொல்லிவிட்டது.

"கலியாணம் கட்டாமல் செத்த பொம்பிளையள், அக்கா. அதுதான் தலையிலை கிரீடம் வைச்சிருக்கு."

லீலாக்கா என்னைப் பார்த்தார். நான் லீலாக்காவைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷி ஜேர்மனியிலிருந்து தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்ததே, நாற்பத்தொரு வயதாகியும் கலியாணம் ஆகாத என் தங்கச்சி சுகந்தியைப் பார்க்கத்தான்.

"முருகா!" என்றார் லீலாக்கா. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

ஊர் பார்க்க வந்தவர்கள்

சென்ற கிழமை பெர்மெஸோவுக்கு வரிசையில் நின்ற கதையை எழுதினேன். வதிவிட அனுமதிப் பத்திரத்தைத்தான் இங்கே நாங்கள் எல்லோரும் பெர்மெஸோ என்போம். அதை வாசித்துவிட்டு ஒரு வாசகி, "பலெர்மோ அவ்வளவு அழகான நகரமாமே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று கேட்டிருந்தார். தாயே, நான் அந்த அழகை ஒரே ஒரு நாள்தான் சுற்றிப் பார்த்தேன். அன்று நடந்த கூத்துத்தான் இது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பெண் பார்ப்பதை வீட்டில் வைக்க மாட்டோம். கோயில் வீதியில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்திப்போம். சரிவராவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை. கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம். பலெர்மோவில் அதை நாங்கள் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் "ஊர் சுற்றிப் பார்க்க" வருவார்கள். பெண் ஏதாவதொரு பழைய கட்டடத்தின் முன்னால் "தற்செயலாக" வந்து நிற்பாள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

லீலாக்கா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஆகவே வந்து தங்கியது பிரான்காச்சோவில் எங்கள் மாடி வீட்டில்தான். தம்பி தயாபரனுக்கு நாற்பத்தேழு வயது. ஏதோ தொழிற்சாலையில் வேலை. மனைவி கொரோனா நேரம் தவறிப்போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசாத மனிதர். வந்த அன்றிரவு எங்கள் வீட்டில் பேசியது மொத்தம் நாலு வசனம் இருக்கும். அதில் இரண்டு "போதும் அக்கா".

கடைசி முறை

சுகந்தியை இங்கே கூப்பிட்டவள் நான். பதினேழு வருடங்களுக்கு முன் அவளை ஒரு வயதான சின்யோராவின், அதாவது இத்தாலியக்கார அம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்ய விட்டதும் நான்தான். அந்தச் சின்யோரா போக இன்னொருவர், அவரும் போக இன்னொருவர். கிழவிகளின் கட்டில் பக்கத்தில் மடிப்புக் கட்டில் போட்டு அவளுடைய இருபதுகளும் முப்பதுகளும் போய்விட்டன. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அவளுக்கு லீவு.

இதற்கு முன் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் வயது கூடிப்போச்சு என்றார். படத்தில் பார்க்கும்போது அந்த வயது தெரியவில்லையாக்கும்! மற்றவர் பார்த்துவிட்டுப் போனவர்தான், இன்றுவரை பதில் இல்லை. சுகந்தி மூன்று மாதம் என்னிடம் "பதில் வந்ததோ" என்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

தயாபரனின் சாதகக் குறிப்பு பொருந்தியபோது அவள் சொன்னாள், "அக்கா, இதுதான் கடைசி. இதுக்குப் பிறகு என்ரை படத்தை ஆரிட்டையும் குடுக்காதை. குடுத்தியெண்டால் உன்னோடை கதைக்க மாட்டன்."

அவள் சொன்னால் செய்வாள். ஆகவே நான் இந்த முறை ஒரு பிழையும் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு நின்றேன். எப்படிப் பிழைவிட்டேன் என்று பாருங்கள்.

நான் அறியாத நகரம்

திட்டம் இதுதான். வியாழன் காலை ஊர் காட்டுவது. பின்னேரம் மூன்று மணிக்குப் பேராலயத்தின் முன் சுகந்தி வருவாள். மறுநாள் மதியம் அவர்களுக்கு விமானம்.

முதலில் குவாத்ரோ காந்தி. நாலு தெரு சந்திக்கும் இடம். நாலு மூலையிலும் மூன்று தட்டுச் சிலைகள். லீலாக்கா அண்ணாந்து பார்த்து, "இதைத் தூசு தட்டிறது ஆர்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான் எப்போதும். பக்கத்தில் பெரிய நீர்த்தடாகம், சுற்றிவர உடுப்பில்லாத சிலைகள். காஞ்சிபுரம் பட்டு உடுத்து ஊர் பார்க்க வந்த லீலாக்கா தம்பியின் முன்னால் வந்து நின்று அவருக்கு மறைத்தார். "கெதியா வா. உதிலை பார்க்க ஒண்டுமில்லை." தயாபரன் முதன்முதலாகச் சிரித்தார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை.

பல்லாரோச் சந்தையில் லீலாக்காவுக்கு உசார் வந்தது. முருங்கைக்காயைக் கண்டு, "இஞ்சையும் இருக்கோ!" என்று நின்றுவிட்டார். ஆனால் காலையிலேயே முருங்கைக்காயோடு அலைய முடியுமா? பத்தரை மணிக்குச் சந்தையும் பார்த்து முடிந்துவிட்டது. மூன்று மணிக்கு இன்னும் நாலரை மணித்தியாலம். நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். எந்த வீட்டு மாபிள் தரைக்கு எந்தத் தண்ணீர் போட்டுத் துடைத்தால் கறை போகும் என்று கேளுங்கள், சொல்கிறேன். எந்தப் பழைய மாளிகையின் படியில் எத்தனையாவது கல் ஆடும் என்றும் சொல்வேன். ஆனால் அரண்மனைக்குள் இருக்கிற தங்க ஓவியச் சிற்றாலயத்தை நான் பார்த்ததில்லை. நாங்கள் ஆறுதலாகப் போன ஒரே இடம் சான்றா ரொசாலியாவின் மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவ வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக வெறுங்காலோடு ஏறுவோம். அதற்கு இந்தப் பட்டுச் சேலை சரிவராது.

அப்போதுதான் ஒரு வரிசை நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குப் போகும் பஸ் கப்புச்சினித் துறவிகளின் மடத்துப் பக்கமாகப் போகும். அந்த வாசலில் எந்த நாளும் வெள்ளைக்காரர் வரிசை. மழைக்கும் நிற்பார்கள், வெயிலுக்கும் நிற்பார்கள். எங்கெங்கோ நாடுகளிலிருந்து வந்து இப்படிக் காத்து நிற்கிறார்கள் என்றால், உள்ளே எவ்வளவு வடிவான சாமான் இருக்க வேண்டும்! சாமியார் மடம் வேறு; நல்ல காரியத்துக்கு முன் போக நல்ல இடம். இருபத்திரண்டு வருடமாக அந்த வரிசையைப் பார்த்தவளுக்கு, உள்ளே என்ன என்று ஒருவரிடமாவது கேட்கத் தோன்றவில்லை.

"வாங்கோ அக்கா," என்றேன். "உங்களுக்கு ஊரிலேயே திறமான இடத்தைக் காட்டிறன்."

வாசலில்

மேலே வந்ததும் லீலாக்கா மடத்துச் சுவரோடு குந்திவிட்டார். முகம் வேர்த்து வெளிறியிருந்தது.

"எத்தினை ஆயிரம் பிரேதம் பிள்ளை! ஒரு செத்தவீட்டுக்குப் போனாலே தோயாமல் வீட்டுக்குள்ளை காலடி வைக்கமாட்டம். இண்டைக்கு உம்மடை தங்கச்சியை நான் பார்க்கிறதோ? துடக்கோடை?"

துடக்கு என்றால் தீட்டு; தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோய்ந்தால்தான் அது கழியும். "அக்கா, வீட்டை போய் தோய்ஞ்சு போட்டு வருவம்," என்றேன்.

சொன்ன வாயை நானே பொத்தினேன். அந்தக் கோடையில் நகரத்தில் தண்ணீரை முறைவைத்துத்தான் விட்டார்கள். எங்கள் பக்கத்துக்கு வியாழன் தண்ணீர் வராத நாள். இருந்த ஒரு வாளித் தண்ணீரையும் காலையில் இவர்களே முகம் கழுவி முடித்துவிட்டார்கள்.

"அப்ப இண்டைக்குப் பார்க்கிறதை விடும்," என்றார் லீலாக்கா. "நான் கோவத்திலை சொல்லேல்லை. உம்மடை தங்கச்சியின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன். ஏற்கெனவே ஒருத்தியைப் பறிகுடுத்திட்டு நிக்கிற வீடு எங்கடை. துடக்கோடை இன்னொரு பிள்ளையைப் பார்த்து, அதுக்கும் ஏதும் நடந்தால் நான் தாங்கமாட்டன்."

அவர் கண் கலங்கியது. அதுவரை எனக்கு அந்த மனுஷியின்மேல் ஒரு எரிச்சல் இருந்தது. அது போய்விட்டது. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பயந்த மனுஷியோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது?

"கடல் எண்டால்?" என்று கேட்டேன்.

லீலாக்கா நிமிர்ந்தார். "கடலுக்கு ஒரு துடக்குமில்லை."

ஸ்ஃபெர்ராகவால்லோ

மூன்று பேரும் இரண்டு பஸ் ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனோம். மீன்பிடிக் கிராமம்; சாப்பாட்டுக்கடைகளின் முன்னால் பொரித்த கணவாய் மீன் மணம். வழியிலேயே சுகந்திக்குக் குரல் செய்தி அனுப்பினேன், பேராலயத்துக்குப் போகாதே, நேரே இங்கே வா என்று. சின்யோரா நித்திரையாகும் நேரம் அவள் போனை நிறுத்தி வைப்பாள். இரண்டு மணிக்கு வெளியே வந்துதான் கேட்பாள்.

லீலாக்கா நகையைக் கழற்றி என் கைப்பையில் போட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு கடலில் இறங்கினார். மூன்று தரம் முங்கினார். பிரேதம் பார்த்தவள் நானும்தானே? கைப்பையைத் தயாபரனிடம் கொடுத்துவிட்டு நானும் இறங்கினேன். குடை விரித்துப் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழும்பியிருந்து பார்த்தார்கள். ஒரு சிசிலிக்கார மனுஷி ஓடிவந்து, ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டாள். நேர்த்திக்கடன் என்றேன். உடனே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தன் பேரப்பிள்ளைகளை எங்களுக்கு இடம்விட்டுத் தள்ளிப் போகச் சொன்னாள். நல்ல சனம். நேர்த்தி என்றால் இந்த ஊரில் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

"தம்பி, இறங்கு!" என்று லீலாக்கா கடலுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

தயாபரன் கரைச் சுவரில் இருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "நான் தோயேல்லை அக்கா."

"என்ன விசர்க்கதை! அந்தப் பிள்ளை வரப்போகுது."

"இண்டைக்கு மட்டும் விடுங்கோ."

லீலாக்கா தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார். நானும் பின்னால் போனேன். தயாபரன் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ போன நேரம் என்னை ஆஸ்பத்திரிக்குள்ளை விடேல்லை. பெட்டியை மூடிப்போட்டுத்தான் காட்டினவை. நான் முகம் பார்க்கேல்லை. வீட்டை வந்து தோயத்தான் போனனான். எதைக் கழுவ எண்டு தெரியாமல் குழாயைத் திறந்துபோட்டு நிண்டனான்." சப்பாத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். "இண்டைக்கு அங்கை ஒரு மனுஷி. கறுப்புச் சட்டை. கையைக் கட்டிக்கொண்டு. நீங்கள் ரெண்டு பேரும் முன்னாலை போயிட்டியள். நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டன். இண்டைக்குத்தான் எனக்குச் செத்தவீடு நடந்த மாதிரிக் கிடக்கு. உடனை ஓடிவந்து தோய மனம் வரேல்லை."

அந்த மனிதருக்காக எனக்கு மனம் நொந்தது. ஆனால் என் தங்கச்சியின் கதை முடிந்தது என்பதும் அதே நேரம் தெரிந்தது. இந்த மனிதர் தோயமாட்டார். தோயாமல் அவளைப் பார்க்க லீலாக்கா விடமாட்டார். நாளைக்கு விமானம். சுகந்தி இனிப் படம் தரமாட்டாள். ஒரு மடத்து வாசலில் வரிசையைப் பார்த்து ஏமாந்து அவளுடைய வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் நான்.

நீலச் சேலை

சுகந்தி மூன்றேகாலுக்கு பஸ்ஸால் இறங்கினாள். நீலச் சேலை, காலில் வேலைக்குப் போடும் ரப்பர் சப்பாத்து, நல்ல செருப்பு கைப்பையில். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, கடலுக்குள்ளை விழுந்திட்டியளோ?"

நான் அவளை ஒரு பக்கம் இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பலகை வாசித்தது முதல் தயாபரன் சொன்னதுவரை. சொல்லி முடிக்க முதல் அழுதுவிட்டேன். "என்ரை பிழையடி. எல்லாம் என்ரை பிழை."

"சும்மா இரு," என்றாள். நேரே லீலாக்காவிடம் போய்க் கும்பிட்டாள். "அக்கா, நான்தான் சுகந்தி."

"பிள்ளை, கிட்டப் போகாதையும். தம்பி இன்னும் தோயேல்லை," என்றார் லீலாக்கா.

"தோயிறது நல்லதுதான் அக்கா. நானும் தோயிறனான். ரெண்டு சின்யோராமாரைக் கடைசியா நான்தான் துடைச்சு, உடுப்புப் போட்டு, சீப்பாலை தலை இழுத்து விட்டனான். முதல் ஆளுக்கு உடனை தோய்ஞ்சன். ரெண்டாவது ஆள் என்னோடை எட்டு வருசம். அவ போன அண்டு என்னாலை தோய ஏலாமல் போச்சு. அவவுக்குப் பூசிற பவுடர் மணம் கையிலை இருந்தது. அடுத்த நாள்தான் தோய்ஞ்சன்."

இதை அவள் எனக்குக்கூடச் சொன்னதில்லை. லீலாக்கா வழியை விட்டு ஒதுங்கினார்.

சுகந்தி போய், தயாபரனிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுவரில் இருந்தாள். பெண் பார்க்க வந்தவரைப் பார்த்து முதல் வார்த்தையாக அவள் கேட்டது இதுதான்:

"அவவின்ரை பேர் என்ன?"

தயாபரன் திரும்பி அவளைப் பார்த்தார்.

"ராஜினி."

நான் இந்தச் சம்பந்தத்தை ஆறு மாதமாகப் பேசியவள். அவருடைய நட்சத்திரம் கேட்டேன், விசா கேட்டேன், பிரஷர் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் "முதல் தாரம்". லீலாக்கா ஈரத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "அந்தப் பேரை வீட்டிலை நாங்கள் சொல்லுறதில்லை பிள்ளை," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "அவன் நோவான் எண்டு."

அவர்கள் இருவரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள். அதாவது, அவர் கதைத்தார், அவள் கேட்டாள். நாலு வசனம் பேசுகிற மனிதருக்கு அவ்வளவு கதை எங்கிருந்து வந்தது! நானும் லீலாக்காவும் தள்ளி நின்று வெயிலில் சேலையைக் காயவைத்தோம்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு சுகந்தி எழும்பினாள். லீலாக்காவிடம், "அக்கா, எனக்கு அவசரமில்லை. அவர் எப்ப தோயிறாரோ, அதுக்குப் பிறகு பதில் சொல்லட்டும்," என்றாள். பஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை

ஐந்தரைக்கே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. லீலாக்கா தோய்ந்தார், நான் தோய்ந்தேன். தோயாதவர் என்று இரவு வீட்டுக்குள் படுக்காமல் பல்கனியிலேயே படுத்த தயாபரன், அங்கேயே தேத்தண்ணியோடு இருந்தார். ஆறரை. ஏழு. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை பிடித்தது. பெட்டி கட்டியாயிற்று. ஒன்பது மணிக்கு விமான நிலைய பஸ்ஸுக்குப் போக வேண்டும். தோயச் சொல்லி லீலாக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வெங்காயத்தைக் கால் மணித்தியாலம் உரித்தார்.

ஏழே முக்காலுக்குக் பல்கனிக் கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம். துவாயை எடுத்துக்கொண்டு தயாபரன் எங்களைக் கடந்து போனார். குளியலறைக் கதவுக் கொளுக்கி விழுந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. நான் சரியாகக் கேட்க வேண்டுமென்று அடுப்பையே நிறுத்தினேன். கனநேரம் விழுந்தது அந்தத் தண்ணீர். இடையில் நின்று, திரும்பவும் விழுந்தது. உள்ளே அழுகிற மாதிரியும் இருந்தது. லீலாக்காவின் உதடு எந்தக் கடவுளையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

தலை ஈரத்தோடு வெளியே வந்தார். தன் அக்காவைப் பார்க்கவில்லை. என்னிடம், "சுகந்தியின்ரை நம்பரைத் தாங்கோ" என்றார். நான் நம்பரைத் தேடி முடிக்க முதல் அவரே என் போனை வாங்கி அழைத்தார். பல்கனிக்குத் தள்ளிப்போகவில்லை. அங்கேயே நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"சுகந்தி, நான் தயாபரன். ஓம். இப்பதான் தோய்ஞ்சிட்டு வாறன்." ஈரத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஓம். உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கோ? இல்லையெண்டாலும் சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன்."

மூன்று முறை பெண் பார்த்தாகிவிட்டது. அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான். நான் கூடக் கேட்டதில்லை. போனுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது: "ஓம், பிடிச்சிருக்கு."